சம்பளச் சீட்டில் சுற்றி வைத்த இரண்டு வரிகள்: நம் சங்க நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், பொதுச் செயலாளர், பொருளாளர் மற்றும் நிர்வாகக் குழுத் தோழர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்தப் பார்சல் நிறுவனத்தில் நான் சேர்ந்து 19 வருடம் ஆகிறது. முதல் ஏழு வருடம் இரவு ஷிப்டில் பார்சல் பிரிப்பதும் லோடு ஏற்றுவதும்தான் வேலை. அப்புறம் டெலிவரி வண்டி. கடைசி நான்கு வருடமாக எங்கள் கிடங்கில் சங்கப் பிரதிநிதியாகவும் இருக்கிறேன். இத்தனை வருடத்தில் ஒரு மாதம்கூட என் சந்தா நின்றதில்லை. இனியும் நிற்காது. இந்த மடல் சங்கத்தின் மேல் கோபப்பட்டு விலகிப் போகிறவன் எழுதுவதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் ஒரு நாள் விடியற்காலை, என் வண்டிக்குள் நின்று பார்சல்களை வீதி வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தேன். இரவு ஷிப்ட் முடித்த ஒரு தம்பி வந்து வண்டிக் கதவருகே நின்றான். சேர்ந்து இரண்டு மாதம்தான். கையுறையைக் கழற்றியிருந்தான், விரல் நுனிகளெல்லாம் அட்டைப்பெட்டித் தூசி படிந்து சாம்பல் நிறமாக இருந்தன. சட்டைப் பையிலிருந்து சம்பளச் சீட்டை எடுத்து விரித்தான். பிடித்தங்கள் இருக்கிற பகுதியில் இரண்டு வரிகளைப் பேனாவால் சுற்றி வைத்திருந்தான். ஒன்று சங்க நுழைவுக் கட்டணம். இன்னொன்று மாதச் சந்தா.

"அண்ணே, இது எதுக்குண்ணே? எனக்கு இதுல என்ன கிடைக்கும்?"

நான் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். ஒற்றுமை, பாதுகாப்பு, ஊதிய ஒப்பந்தம். அவன் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். பிறகு மருத்துவக் காப்பீடு எப்போது வரும் என்று கேட்டான். ஒரு வருடம் முடிய வேண்டும் என்றேன். வண்டி ஓட்டும் வேலை எப்போது கிடைக்கும் என்றான். சீனியாரிட்டிப்படி வரும் என்றேன். "நான் லிஸ்ட்ல எத்தனாவது ஆளுண்ணே?" என்றான். எனக்குத் தெரியவில்லை. பிரதிநிதியான எனக்கே தெரியவில்லை, தோழர்களே. சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "சரிண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனான். பதினைந்து நாள் கழித்து வேலையை விட்டே போய்விட்டான்.

அவன் ஒருவன் மட்டுமில்லை. இரவு ஷிப்டில் சேர்கிற பிள்ளைகளில் எத்தனை பேர் ஒரு வருடம் தாண்டுகிறார்கள் என்று உங்களுக்கும் தெரியும். தாண்டாதவர்கள் எல்லோரும் நமக்கு நுழைவுக் கட்டணமும் சில மாதச் சந்தாவும் கட்டிவிட்டு, ஒப்பந்தத்தில் நாம் வாங்கிக் கொடுத்த எந்தச் சலுகையையும் தொடாமல் போகிறார்கள். அவர்கள் போகிற இடத்தில் எல்லாம் சங்கம் என்றால் பிடித்தம் என்றுதான் சொல்வார்கள். இது என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

சந்தாவை எப்படிக் கணக்கிடுகிறோம் என்பதிலிருந்து தொடங்குகிறேன். நம் விதிப்படி மாதத்துக்கு இரண்டரை மணி நேரக் கூலி. அமெரிக்காவில் யூபிஎஸ் என்ற பெரிய பார்சல் நிறுவனத்தின் தொழிலாளர்கள் இருக்கிற டீம்ஸ்டர்ஸ் சங்கத்திலும் பெரும்பாலானவர்களுக்கு இதே கணக்குதான். கேட்பதற்கு நியாயமாகத் தெரியும். கூலி அதிகம் வாங்குகிறவர் அதிகம் கட்டுகிறார், குறைவாக வாங்குகிறவர் குறைவாகக் கட்டுகிறார். ஆனால் ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரம் 40 மணி நேரம் வேலை பார்க்கிற என்னைப் போன்ற முழுநேரத் தொழிலாளிக்கு மாதம் சுமார் 173 மணி நேரம் வருகிறது. அதில் இரண்டரை மணி என்பது நூற்றுக்கு ஒன்றரைக்கும் சற்றுக் குறைவு. வாரம் 20 மணி நேரம் மட்டுமே வேலை கிடைக்கிற பகுதிநேரப் பிள்ளைக்கு மாதம் சுமார் 87 மணி நேரம். அதில் அதே இரண்டரை மணி போனால் நூற்றுக்கு மூன்றை நெருங்குகிறது. அதாவது, மணிக்கூலியும் குறைவு, வேலை நேரமும் குறைவு, சலுகையும் இன்னும் வராத ஒருவன், தன் சம்பளத்தில் என்னைவிட இரண்டு மடங்கு பங்கைச் சங்கத்துக்குக் கொடுக்கிறான். இதை விதி எழுதியவர்கள் வேண்டுமென்று செய்திருக்க மாட்டார்கள். எல்லோரும் முழுநேரமாக இருந்த காலத்தில் எழுதிய விதி அது. இப்போது கிடங்குக்குள் பாதிப் பேர் பகுதிநேரம்.

ஜெர்மனியில் தபால், பார்சல் தொழிலாளர்களைச் சேர்த்து வைத்திருக்கிற வெர்டி சங்கத்தில் மாதச் சம்பளத்தில் நூற்றுக்கு ஒன்று என்பது சந்தா. வேலை நேரம் பாதியானால் சந்தாவும் தானாகவே பாதியாகிவிடும். நாமும் அப்படி மாறலாம். நூற்றுக்கு ஒன்றா, ஒன்றரையா என்பதைப் பொதுக்குழு முடிவு செய்யட்டும். வாங்கிய சம்பளத்தில் பங்கு என்று வந்துவிட்டால் போதும். நுழைவுக் கட்டணத்தைத் தகுதிகாண் காலம் முடிந்த பிறகு வாங்குங்கள். அதற்கு முன்னால் போகிறவனிடம் வாங்குவது எனக்கு மனசாட்சிப்படி சரியாகப் படவில்லை.

வருமானம் குறையுமே என்று பொருளாளர் தோழர் நினைக்கலாம். கொஞ்சம் குறையும். ஆனால் தங்குகிறவர்கள் கூடுவார்கள் என்று நம்புகிறேன்.

சரி, சந்தா எதற்குப் போகிறது என்ற கேள்விக்கு வருகிறேன். அந்தத் தம்பிக்கு நான் சொல்லியிருக்க வேண்டியது ஒற்றுமை, பாதுகாப்பு என்ற பொதுவான வார்த்தைகள் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் நடந்த ஒன்றைச் சொல்லியிருக்க வேண்டும். இரவு ஷிப்டில் ஒரு விலையுயர்ந்த பார்சல் காணாமல் போனது. கடைசியாக அதை ஸ்கேன் செய்தது ஒரு புதுப் பையனின் எண் என்று கணினி காட்டியது. மேலாளர் அறைக்குக் கூப்பிட்டார்கள். ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டால் போலீஸுக்குப் போகமாட்டோம் என்றார்கள். அதற்கு ஒரு தாளும் தயாராக மேசைமேல் இருந்தது. அவனுக்குக் கை நடுங்கிக்கொண்டிருந்தது. பேனாவை எடுத்துவிட்டான். ஒப்பந்தத்தில் விசாரணையின்போது பிரதிநிதி உடன் இருக்கலாம் என்று ஒரு பிரிவு இருப்பதால் என்னை உள்ளே விட்டார்கள். நான் உட்கார்ந்ததும் கேட்டது ஒன்றுதான்: அன்று இரவு யார் எந்த பெல்ட்டில் நின்றார்கள் என்ற ஷிப்ட் பதிவேட்டைக் கொண்டு வாருங்கள். அரை மணி நேரம் கழித்து வந்தது. ஸ்கேன் நடந்த நேரத்துக்கு இருபது நிமிடம் முன்பே அவனை இரண்டாவது பெல்ட்டிலிருந்து ஏழாவது பெல்ட்டுக்கு மாற்றியிருந்தார்கள். அவசரத்தில் அவன் ஸ்கேனரில் தன் எண்ணிலிருந்து வெளியேறாமல் போய்விட்டான். வேறு யாரோ அதே ஸ்கேனரை எடுத்துப் பயன்படுத்தியிருக்கிறார்கள். தாளை மேலாளரே எடுத்துக் கிழித்தார். அந்தப் பையன் இன்று எனக்குப் பக்கத்துப் பகுதியில் வண்டி ஓட்டுகிறான்.

அந்த அறைக்குள் போக எனக்கு இருந்த உரிமை ஒப்பந்தத்திலிருந்து வந்தது. ஒப்பந்தம் எழுத வக்கீல் வேண்டும், பேச்சுவார்த்தைக்குப் போகிறவர்களின் சம்பள இழப்பை ஈடுகட்ட வேண்டும், என்னைப் போன்றவர்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். இதெல்லாம் சந்தா. அமெரிக்காவில்கூட 1975-இல் வெய்ன்கார்ட்டன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் இப்படிப்பட்ட விசாரணையில் பிரதிநிதியைக் கேட்டு வாங்குவது உறுதியான உரிமையானது. இப்படி நடந்தவற்றை நாம் ஏன் புதியவர்களிடம் சொல்வதே இல்லை? நம் சுற்றறிக்கைகளைப் படித்துப் பார்த்தேன். மாநாடு, வாழ்த்து, இரங்கல், கண்டனம். கடந்த மூன்று மாதத்தில் எத்தனை பேருடைய வேலையைக் காப்பாற்றினோம் என்று ஒரு வரி இல்லை.

கணக்கும் இல்லை. ஆண்டுப் பொதுக்குழுவில் வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு என்று வேகமாக வாசித்துவிட்டு, கைதட்டலோடு நிறைவேற்றிவிடுகிறோம். இரவு ஷிப்ட் முடித்து அரைத்தூக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு ஒன்றும் காதில் விழாது. உங்களில் யார் மேலும் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் சந்தேகம் வருவதற்கு முன்பே கணக்கைத் திறந்து வைப்பதுதான் சங்கத்துக்குக் கௌரவம்.

நம் மொழிக்காரர்களுக்கு இது புதிதும் இல்லை. 1918-இல் சென்னையில் பி. பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு, திரு.வி.க. போன்றவர்கள் தோள் கொடுக்க, சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. அந்தத் தொழிலாளர்கள் வேலை பார்த்த பின்னி பஞ்சாலை நிர்வாகம் உயர் நீதிமன்றம் வரை போய்ச் சங்கத் தலைவர்கள் மேல் தடையுத்தரவு வாங்கியது. சங்கம் நடத்தினால் வழக்கு வரும் என்ற நிலையை மாற்றத்தான் சட்டம் வேண்டும் என்ற குரல் எழுந்தது, 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தில் சங்கத்துக்குப் பாதுகாப்பு கொடுத்த கையோடு இன்னொன்றையும் எழுதினார்கள். கணக்குப் புத்தகத்தை எந்த உறுப்பினரும் பார்க்கலாம் என்று 20-ஆம் பிரிவு சொன்னது. அரசியல் செலவுக்குத் தனி நிதி வைக்க வேண்டும், அதற்குப் பணம் கொடுக்கும்படி உறுப்பினரை வற்புறுத்தக் கூடாது என்று 16-ஆம் பிரிவு சொன்னது. நூறு வருடத்துக்கு முன்பே இதை யோசித்திருக்கிறார்கள்.

கணக்கு பிசகினால் என்ன ஆகும் என்பதற்கு இந்தத் தொழிலிலேயே உதாரணம் இருக்கிறது. 1997 ஆகஸ்ட்டில் யூபிஎஸ் தொழிலாளர்கள் சுமார் 1,85,000 பேர் 15 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களின் டீம்ஸ்டர்ஸ் சங்கத் தலைவர் ரான் கேரி, அவரே பழைய யூபிஎஸ் டிரைவர். பார்சல் தொழிலில் அவ்வளவு பெரிய வெற்றி அதற்கு முன்பு அபூர்வம். ஆனால் போராட்டம் முடிந்த சில நாட்களுக்குள், அவர் தலைவராக வென்ற முந்தைய தேர்தல் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. சங்கப் பணம் சுற்று வழியில் அவருடைய பிரசாரத்துக்குப் போயிருந்தது. அவர் பதவியையும் இழந்தார், சங்கத்திலிருந்தும் நீக்கப்பட்டார். இதுபற்றிப் பொய் சொன்னார் என்ற வழக்கில் 2001-இல் ஜூரி அவரைக் குற்றமற்றவர் என்று விடுவித்தது. அதற்குள் அந்த வெற்றியின் வேகமெல்லாம் போய்விட்டது. படிக்கும்போதே மனது வலித்தது.

அதே போராட்டத்தில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய நல்ல விஷயமும் இருக்கிறது. அங்கே தொழிலாளர்களில் பாதிக்கு மேல் பகுதிநேரம். அவர்களின் தொடக்கக் கூலி 1982-இலிருந்து மணிக்கு 8 டாலரிலேயே நின்றிருந்தது. முழுநேர டிரைவர்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை, அவர்கள் சம்பளம் நன்றாகவே இருந்தது. ஆனாலும் அவர்களும் வண்டியை நிறுத்திவிட்டு, வாரம் 55 டாலர் போராட்ட உதவித்தொகையில், பகுதிநேரக்காரர்களுக்காகச் சேர்ந்து நின்றார்கள். பகுதிநேர இடங்களை ஒன்றிணைத்து 10,000 புதிய முழுநேர வேலைகள் என்ற உறுதியை வாங்கினார்கள். நாம் கடைசியாகப் போட்ட ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். முழுநேரக்காரர்களுக்கு என்ன கிடைத்தது, இரவு ஷிப்டுக்கு என்ன கிடைத்தது? நானும் அதற்கு ஆதரவாகக் கை தூக்கியவன்தான். அதை நினைத்தால் இப்போது உறுத்துகிறது.

சலுகைகளைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை, நம் ஒப்பந்தத்தில் இருப்பவை மோசமில்லை. குடும்பத்துக்கும் மருத்துவக் காப்பீடு, விபத்து விடுப்பு, ஓய்வூதியம். என் மூட்டுச் சிகிச்சைக்கு இதே காப்பீடுதான் கை கொடுத்தது. குறை எங்கே என்றால் வாசலில். ஒரு வருடம் காத்திருக்க வேண்டும், அதற்குப் பிறகும் மாதாந்திர வேலை நேரம் ஒரு அளவுக்குக் கீழே போனால் காப்பீடு நின்றுவிடும். வேலை நேரத்தை நிர்ணயிப்பது யார்? சூப்பர்வைசர். லோடு குறைவு என்று வீட்டுக்கு அனுப்புவதும் அவர்தான். பார்சல் தூக்குகிற வேலையில் முதல் சில மாதங்களில்தான், உடம்பு பழகுவதற்குள், இடுப்பும் தோளும் பிடித்துக்கொள்கின்றன. காப்பீடு மிகவும் தேவைப்படுகிற அதே சமயத்தில் அது இல்லை. அடுத்த பேச்சுவார்த்தையில் இந்தக் காத்திருப்பை மூன்று மாதமாகக் குறைக்கக் கேளுங்கள். அதற்காகச் சம்பள உயர்வில் எங்களுக்கு, முழுநேரக்காரர்களுக்கு, கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை என்று எங்கள் கிடங்கில் நான் பேசிப் பார்த்த வரையில் பலர் சொன்னார்கள்.

ஓய்வூதியம் பற்றி மட்டும் ஒரு எச்சரிக்கை. நிதி எங்கே இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, இன்னும் எத்தனை வருடத்துக்குத் தாங்கும் என்பதை ஒவ்வொரு ஆண்டும் எழுத்தில் கொடுங்கள். அமெரிக்காவில் பல நிறுவனங்கள் சேர்ந்து பணம் கட்டிய சென்ட்ரல் ஸ்டேட்ஸ் ஓய்வூதிய நிதியிலிருந்து யூபிஎஸ் 2007-இல் 6.1 பில்லியன் டாலர் கொடுத்துவிட்டு வெளியேறியது. பெரிய முதலாளி போனதும், பின்னாலேயே பங்குச் சந்தைச் சரிவும் வந்ததும், நிதி திவாலாகும் நிலைக்குப் போனது. கடைசியில் 2022-இல் அரசு சுமார் 36 பில்லியன் டாலர் கொடுத்துத்தான் காப்பாற்றியது. வாழ்நாளெல்லாம் லாரி ஓட்டிய பெரியவர்கள் அத்தனை வருடமும் ஓய்வூதியம் பாதியாகுமோ என்று பயந்துகொண்டிருந்தார்கள். எல்லா நாட்டிலும் அரசு இப்படிக் கை கொடுக்கும் என்று சொல்ல முடியாது.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. பதவி உயர்வு.

பார்சல் நிறுவனத்தில் ஏணி சின்னது. உள்ளே பெல்ட்டில் பிரிக்கிறவர், லோடு ஏற்றுகிறவர், வண்டி ஓட்டுகிறவர். அதற்கு மேல் சூப்பர்வைசர், ஆனால் அங்கே போனால் சங்கத்தை விட்டு வெளியே. பெல்ட்டிலிருந்து வண்டிக்குப் போவதுதான் நம்மவர்களுக்கு உண்மையான உயர்வு. கூலி ஏறும், முழுநேரம் ஆகும், காப்பீடு நிலைக்கும், பகலில் வேலை. குளிரிலும் புழுக்கத்திலும் கண்டெய்னருக்குள் நின்று லோடு அடுக்குகிறவன் எதை நினைத்து அடுக்குகிறான்? என்றைக்காவது ஒரு வண்டிச் சாவி கைக்கு வரும் என்று. நான் ஏழு வருடம் அதை நினைத்துத்தான் அடுக்கினேன்.

அந்தச் சாவி யார் கைக்கு எப்போது போகிறது என்பதைப் பணிமூப்புப் பட்டியல், அதாவது சீனியாரிட்டி லிஸ்ட், சொல்ல வேண்டும். எங்கள் கிடங்கில் அந்தப் பட்டியல் எங்கே இருக்கிறது தெரியுமா? அந்தத் தம்பி கேட்டுப் போன பிறகு தேடிப் போனேன். அறிவிப்புப் பலகையின் கண்ணாடிக்குள், தீ விபத்து நேர்ந்தால் செய்ய வேண்டியவை என்ற தாளுக்கு அடியில், ஓரம் மஞ்சளாகி இருந்தது. மேலே இருந்த தேதி இரண்டு வருடத்துக்கு முந்தையது. அதில் இருந்த முதல் பத்துப் பேரில் நான்கு பேர் வேலையிலேயே இல்லை. சாவி நிறுவனத்திடம் என்பதால் பலகையைத் திறக்க என்னால் முடியவில்லை. கண்ணாடிக்கு மேலாகக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டு வந்தேன். ஒப்பந்தப்படி மூன்று மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்கிறார்களா என்று பார்க்க வேண்டியது நான், என்னைக் கேட்க வேண்டியது நீங்கள். இரண்டு பேரும் செய்யவில்லை.

பட்டியல் இல்லாத இடத்தில் சூப்பர்வைசருக்குப் பிடித்தவர்தான் பட்டியல். யாராவது லீவு போட்டால் ஆக்டிங் டிரைவராக யாரை அனுப்புவது என்று அவர் முடிவு செய்கிறார். இரண்டு நாள், மூன்று நாள் என்று ஓட்டியவனுக்கு வண்டி பழகுகிறது, வீதி பழகுகிறது. நிரந்தர இடம் காலியானதும் தேர்வு வைத்தால் அவன் தேறுகிறான், பணிமூப்பில் அவனுக்கு மேலே இருப்பவன் தோற்கிறான். காகிதத்தில் எல்லாம் முறைப்படி நடந்ததாகவே இருக்கும். அதனால்தான் இதில் புகார் எழுதுவதும் கஷ்டமாக இருக்கிறது. ஆக்டிங் வாய்ப்பும் பணிமூப்புப்படி சுழற்சியில் போக வேண்டும் என்று ஒரே ஒரு வரி ஒப்பந்தத்தில் ஏறினால் பாதி அநியாயம் நின்றுவிடும்.

பயிற்சியும் அப்படித்தான். ஓட்டுநர் பயிற்சி பகல் பதினோரு மணிக்கு. இரவு முழுக்க லோடு ஏற்றியவன் அப்போது ஆழ்ந்த தூக்கத்தில் இருப்பான். தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு வந்தாலும் வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்தச் சொன்னால் கை தடுமாறும். உரிமம் எடுக்கும் செலவும் அவன் தலையில்தான். சந்தா நிதியிலிருந்து ஒரு பங்கை ஒதுக்கிச் சங்கமே பயிற்சி நடத்தலாம். ஓய்வு பெற்ற நம் டிரைவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள்! கேட்டால் மகிழ்ச்சியோடு வந்து சொல்லிக் கொடுப்பார்கள். வார விடுமுறையில் ஒரு பழைய வண்டியை வாடகைக்கு எடுத்தால் போதும். உரிமச் செலவைக் கடனாகக் கொடுத்து, வண்டி கிடைத்த பிறகு மாதாமாதம் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். சந்தா எதற்கு என்று கேட்கிறவனை அந்த வண்டியின் ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்து ஸ்டியரிங்கைப் பிடிக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியாது. எங்கள் கிடங்கில் ஒரு அக்கா. என்னைவிட ஒரு வருடம்தான் ஜூனியர். முகவரி படிப்பதில் அவரைப் போல் வேகம் இன்னும் யாருக்கும் வரவில்லை. கிழிந்த லேபிளையும் பார்த்த மாத்திரத்தில் எந்த பெல்ட் என்று சொல்வார். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு குழந்தைக்கு உடம்பு சரியில்லாமல் விடுப்பை நீட்டினார். திரும்பி வந்தபோது அவருடைய பணிமூப்புத் தேதியைத் திரும்பி வந்த நாளாக மாற்றி எழுதியிருந்தார்கள். ஒன்பது வருட சர்வீஸ் ஒரே நாளில் போனது. சங்கத்துக்கு மனு கொடுத்தார். அப்போதைய நிர்வாகம், விடுப்பு அனுமதிக்கப்பட்ட நாட்களைத் தாண்டிவிட்டது, நிறுவனத்தின் விதி அப்படி இருக்கிறது என்று பதில் எழுதியது. அந்தக் கடிதத்தை இன்னும் வைத்திருக்கிறார். எனக்குக் காட்டினார். கோபம்கூட இல்லை அவர் முகத்தில். எனக்குப் பின்னால் சேர்ந்தவர்களெல்லாம் வண்டியில் போகிறார்கள், நான் இன்னும் பெல்ட்டில் நிற்கிறேன் என்று மட்டும் சொன்னார். அந்த மாதங்களிலும் விடாமல், சம்பளமே இல்லாதபோதும், தன் கையால் சந்தா கட்டியவர் அவர். ரசீதுகள் இருக்கின்றன. பிரசவம், நோய், விபத்து காரணமான இடைவெளியில் பணிமூப்பு அறுபடக் கூடாது என்பதை அடுத்த கோரிக்கைப் பட்டியலில் முதலாவதாகப் போடுங்கள். பழையதையும் திறந்து பாருங்கள். அவர் ஒருவர்தான் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஒரே வேலைக்கு இரண்டு தரம் என்று நிறுவனம் கொண்டுவந்தால் அதை ஏற்காதீர்கள். 2018 ஒப்பந்தத்தில் யூபிஎஸ் அப்படி ஒரு இரண்டாம் தர டிரைவர் பிரிவைக் கொண்டுவந்தது. அதே வண்டி, அதே பார்சல், கூலி குறைவு. வாக்களித்த உறுப்பினர்களில் பெரும்பான்மை அந்த ஒப்பந்தம் வேண்டாம் என்றார்கள். வாக்களித்தவர்கள் மொத்தத்தில் பாதிக்கும் குறைவு என்பதால், நிராகரிக்க மூன்றில் இரண்டு பங்கு வேண்டும் என்ற சங்க விதியைக் காட்டித் தலைமை அதை நிறைவேற்றிவிட்டது. உறுப்பினர்கள் அதை மறக்கவில்லை. 2021 மாநாட்டில் அந்த விதியையே நீக்கினார்கள். 2023-இல் வேலைநிறுத்தத்தின் விளிம்பு வரை போய் அந்த இரண்டாம் தரத்தையும் ஒழித்தார்கள், பகுதிநேரத் தொடக்கக் கூலியை மணிக்கு 21 டாலராக உயர்த்தினார்கள். நம் விதிப் புத்தகத்திலும், குறைந்த வாக்குப்பதிவு என்றால் நிர்வாகக் குழுவே முடிவெடுக்கலாம் என்று ஒரு பிரிவு இருக்கிறது. நீங்கள் அதைப் பயன்படுத்தியதில்லை. இருந்தாலும் எடுத்துவிடுங்கள். இரவு ஷிப்ட்காரர்கள் வாக்களிக்க வசதியாக வாக்குப்பெட்டியை விடியற்காலையில் கிடங்கு வாசலுக்கே கொண்டு வாருங்கள்.

ஒப்பந்தக்காரர் மூலம் வருகிறவர்கள், செயலியில் வேலை பார்க்கிற இரு சக்கர வாகனப் பிள்ளைகள், இவர்களை உறுப்பினராகச் சேர்க்கலாமா என்று இன்னும் விவாதித்துக்கொண்டே இருக்கிறோம். ஸ்பெயினில் 2021-இல் உணவும் பொருளும் கொண்டுபோகிற செயலி ஓட்டுநர்களைத் தொழிலாளர்களாகவே கருத வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. பிரிட்டனில் 2023-இல் டெலிவரூ என்ற உணவுச் செயலியின் ஓட்டுநர்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம் மாறாகச் சொன்னது, தனக்குப் பதிலாக வேறொருவரை அனுப்பலாம் என்று அவர்கள் ஒப்பந்தத்தில் இருந்ததை முக்கியமாக எடுத்துக்கொண்டது. நீதிமன்றம் எப்படிச் சொன்னாலும், நம் பார்சலைத்தான் அவர்களும் கொண்டுபோகிறார்கள். அவர்களை வெளியே நிறுத்தினால் நம் கூலியை இறக்க நிறுவனத்துக்கு அவர்கள் இருக்கிறார்கள். குறைந்த சந்தாவில் ஒரு இணை உறுப்பினர் பிரிவாவது இந்த ஆண்டே தொடங்குங்கள்.

சந்தா கட்டாமலே ஒப்பந்தத்தின் பலனை அனுபவிக்கிறார்கள் என்று சிலரைப் பற்றி நம் கூட்டங்களில் கடுமையாகப் பேசுகிறோம். எனக்கும் அந்த வருத்தம் உண்டு. ஆனால் அவர்களில் பலர் ஒரு காலத்தில் கட்டியவர்கள், கேள்வி கேட்டவர்கள், பதில் கிடைக்காதவர்கள். அவர்களைத் திட்டி நான் யாரையும் திரும்பக் கொண்டுவந்ததில்லை. ஒருவருடைய ஓவர்டைம் பணம் மூன்று மாதமாக வராமல் இருந்ததை வாங்கிக் கொடுத்தபோது, அவரும் அவருடைய பெல்ட்டில் நின்ற இன்னும் நான்கு பேரும் தாங்களாகவே படிவம் கேட்டு வந்தார்கள்.

என் பங்குக்கு நான் செய்வதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கிடங்கின் பணிமூப்புப் பட்டியலைப் புதிதாக எழுதத் தொடங்கிவிட்டேன். ஒவ்வொருவரிடமும் சேர்ந்த தேதியைக் கேட்டு, சம்பளச் சீட்டோடு ஒப்பிட்டு, ஒரு நோட்டில் எழுதுகிறேன். இன்னும் இரண்டு வாரத்தில் முடிந்துவிடும். அதில் அந்த அக்காவின் பெயரை அவருடைய பழைய தேதியிலேயே எழுதியிருக்கிறேன். நிறுவனத்தின் பட்டியலையும் என் நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பேச நீங்கள் யாராவது ஒருவர் வர வேண்டும். எந்த நாள் என்றாலும் சரி, ஷிப்ட் மாற்றிக்கொள்கிறேன்.

வேலையை விட்டுப் போன தம்பியின் கைப்பேசி எண்ணும் என்னிடம் இருக்கிறது. தகுதிகாண் காலம் முடிவதற்குள் போனவர்களுக்கு நுழைவுக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று பொருளாளர் தோழர் ஒரு வரி எழுதி அனுப்பினால், நானே அவனைக் கூப்பிட்டுச் சொல்கிறேன். அவன் நின்ற இடம் மூன்றாவது பெல்ட்டில் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

தோழமையுடன்,
கிடங்குப் பிரதிநிதி, டெலிவரிப் பிரிவு